கடைசி இடத்தில் இருந்து கிளம்பிய சறுக்கு ராணி

1924-ம் ஆண்டு, ஜனவரி மாதம்.

பிரான்ஸ் நாட்டில், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஷாமோனி என்று ஒரு சிற்றூர். எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று பனி. முதலாவது குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் அங்கே நடந்து கொண்டு இருந்தது.

அன்று பெண்களுக்கான பனிச்சறுக்கு நடனப் போட்டி. உறைந்து கிடக்கும் பனிக்கட்டித் தரையில், காலணியின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக் கொண்டு வழுக்கிச் சென்று, வட்டம் போட்டு, சுழன்று, துள்ளி ஆட வேண்டும். களத்தில் இறங்கியவர்கள் மொத்தம் 8 பேர். அவர்களில் ஒருத்தி சின்னஞ்சிறு பெண். வயது 11. மற்ற எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள்.

அந்தச் சிறுமி ஆடத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் ஆனது. அடுத்து என்ன ஆட வேண்டும் என்பது மறந்து போய்விட்டது! நேராகத் திடலின் ஓரத்துக்குச் சறுக்கிக் கொண்டு போனாள். அங்கே நின்ற தன் பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டாள். மீண்டும் நடுவுக்கு வந்து ஆடினாள். இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். முடிவு என்ன? எட்டுப் பேரில் எட்டாவது இடம். அதாவது, கடைசி.

ஆனால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே சிறுமி மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றாள். தொடர்ந்து பத்து ஆண்டுகள் உலக வெற்றி வீராங்கனையாக விளங்கினாள். இன்று வரை பெண்கள் தனி நடனப் போட்டியில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

யார் இந்தச் சிறுமி?

அவள்தான் சோன்யா ஹெனி.

வியாபாரியின் மகள்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு, நார்வே. அதன் தலைநகரம் ஆஸ்லோ. அந்தக் காலத்தில் அதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். அங்கே 1912-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி சோன்யா பிறந்தாள்.

தகப்பனார் பெயர் வில்ஹெல்ம் ஹெனி. விலங்குகளின் மென்மையான ரோமத் தோலில் தைத்த குளிர் ஆடைகளை விற்கும் வியாபாரி. குளிர் நாட்டில் அந்த ஆடைகளுக்கு நல்ல கிராக்கி. எனவே, வீட்டில் செல்வத்துக்குக் குறைவு இல்லை. அவர் வெறும் வியாபாரி மட்டும் அல்ல. இளமையில் சைக்கிள் பந்தய வீரர். உலக அளவில் வெற்றி கண்டவர். தான் பெற்ற பிள்ளைகளும் விளையாட்டில் பெயர் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தாயார் செல்மா. சோன்யாவுக்கு லைஃப் என்று ஓர் அண்ணன்.

நார்வேயில் குளிர்காலம் நீண்டது. ஏரியும் குளமும் கல் போல் இறுகிவிடும். அங்குள்ள பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம்.

அண்ணன் லைஃப், சறுக்குக் காலணி மாட்டிக் கொண்டு பறப்பான். தங்கை ஏக்கத்தோடு பார்த்துக் கொண்டு நிற்பாள். தனக்கும் அது வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாறு வயது. ஒரு கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது அவளுக்கும் ஒரு ஜோடி சறுக்குக் காலணி பரிசாகக் கிடைத்தது.

அவளுடைய முதல் ஆசிரியர் யார் தெரியுமா? அண்ணன் லைஃப்தான்!

முதல் பாடம் விழுவது

பனிக்கட்டி மேல் முதன் முதலாகக் காலை வைக்கிறவனுக்கு, பாசி பிடித்த படித்துறையில் கால் வைத்தது போல் இருக்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலம் உண்டு. வழுக்குவதற்கு அதுவே முக்கியமான காரணம். கால் முன்னே போகும். உடம்பு பின்னே சாயும். அடுத்த நொடியில் ஆள் தரையில் கிடப்பான்.

உலகத்தில் எந்தப் பெரிய சறுக்கு வீரரும் விழாமல் கற்றுக் கொண்டது இல்லை. சோன்யாவும் அதற்கு விலக்கு அல்ல.

ஆகவேதான், சறுக்கு ஆட்டம் கற்றுத் தரும் பள்ளிகளில் இன்றும் முதல் பாடமாக விழுவதையும் எழுந்திருப்பதையும் சொல்லித் தருகிறார்கள். விழப் போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய வேண்டும். பின்பக்கமாக மல்லாந்து விழுந்தால் தலையில் அடிபடும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு முறியும். விழுந்த பின்பு விரல்களை மடக்கிக் கொள்ள வேண்டும். பக்கத்தில் போகிறவரின் காலணித் தகடு விரல் மேல் ஏறிவிடக் கூடாது அல்லவா?

எழுந்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் முட்டி போட வேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்கி முன்னே ஊன்ற வேண்டும். இரண்டு கைகளையும் அந்த முழங்கால் மேல் வைத்து அழுத்தி எழ வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நடை. இரண்டு கால் விரல்களையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, வாத்து நடப்பது போல் சின்னச் சின்ன அடி எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது. எதிரே இருக்க வேண்டும். தரையைப் பார்த்தால் தலை குனியும். தலை குனிந்தால் உடம்பு கவிழும். கைகள் இரண்டும் இடுப்புக்கு மேல், பக்கவாட்டில் நீண்டு இருக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்குப் பிடித்துக் கொண்டு தள்ளுவதற்கு ஒரு நாற்காலியோ, சட்டமோ கொடுப்பது உண்டு. நம் வீட்டுக் குழந்தைக்கு நடைவண்டி எப்படியோ, அப்படி. ஆனால், அதை வெகு சீக்கிரம் விட்டுவிட வேண்டும். விடாதவன் கடைசி வரை நடைவண்டிக்காரன்தான்!

நாலு அடி நடந்து, பிறகு நடையை நிறுத்திவிட்டால், உடம்பு தானாக முன்னே வழுக்கிச் செல்லும். அந்த ஒரு கணம்தான் எல்லோரையும் மயக்கிவிடுகிறது. குழந்தை சோன்யாவையும் அதுதான் மயக்கியது.

நான்கு மில்லிமீட்டர் தகடு

சறுக்குக் காலணியின் அடியில் இருக்கும் தகட்டின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அந்தத் தகட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாக விடுவது இல்லை; நடுவில் லேசாகக் குழி விழும்படி சாணை பிடிக்கிறார்கள். அதனால் அதற்கு இரண்டு விளிம்புகள் உண்டாகின்றன. கட்டை விரல் பக்கம் இருப்பது உள் விளிம்பு. சுண்டு விரல் பக்கம் இருப்பது வெளி விளிம்பு.

சறுக்கு நடனத்தின் முழு ரகசியமும் இந்த இரண்டு விளிம்புகளில் அடங்கி இருக்கிறது. உடம்பை உள்ளே சாய்த்தால் உள் விளிம்பு பனியைக் கடிக்கும். வெளியே சாய்த்தால் வெளி விளிம்பு கடிக்கும். எந்தப் பக்கம் சாய்கிறோமோ, அந்தப் பக்கம் வளைந்து போகலாம். சைக்கிளில் வளைவில் திரும்பும்போது உடம்பைச் சாய்க்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே வித்தைதான்.

தகட்டின் முன் முனையில் ரம்பப் பல் போன்ற பற்கள் இருக்கும். துள்ளுவதற்கும் சுழல்வதற்கும் அவை பயன்படும். அவற்றைக் கொண்டு நிற்கப் பார்க்கும் புதியவன் குப்புற விழுவான். நிற்க வேண்டுமானால், குதிகால்களை வெளியே தள்ளி, பனியைச் சீவுவது போல் தகட்டை அழுத்த வேண்டும்.

எட்டு போடும் பாடம்

சோன்யா வெகு வேகமாகக் கற்றாள். மகளின் கால்களில் ஏதோ இருக்கிறது என்று தகப்பனார் கண்டுகொண்டார். முறையான ஆசிரியர்களை அமர்த்தினார். நாட்டியமும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆஸ்லோவில் உள்ள ஃபிராக்னர் திடல் அவளுடைய இரண்டாவது வீடு ஆயிற்று.

அந்தக் காலத்தில் சறுக்கு நடனப் போட்டி இரண்டு பகுதிகளாக நடக்கும். ஒன்று, இசைக்கு ஏற்ப இஷ்டம் போல் ஆடுவது. மற்றொன்று, கோலம் போடுவது.

கோலமா? ஆம். ஒரே காலில் நின்று சறுக்கியபடி, பனிக்கட்டி மேல் எட்டு வடிவத்தில் இரண்டு வட்டங்கள் போட வேண்டும். போட்டு முடித்ததும், அதே கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் போட வேண்டும். கோடு விலகக் கூடாது. வட்டம் நசுங்கக் கூடாது. நடுவர்கள் குனிந்து, தகடு கீறிய கோட்டைப் பரிசோதனை செய்வார்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இதற்குத்தான். இந்தக் கோலப் போட்டி 1990-ம் ஆண்டுடன் உலகப் பந்தயங்களில் இருந்து கைவிடப்பட்டது.

குழந்தைகளுக்கு இது அலுப்பூட்டும் வேலை. துள்ளிக் குதிக்க வேண்டிய வயதில், ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது என்றால் சும்மாவா? சோன்யா சுற்றினாள். நாள்தோறும் மணிக்கணக்கில் சுற்றினாள். பள்ளிக்கூடம் போவது நின்றது. வீட்டுக்கே ஆசிரியர் வந்து பாடம் சொன்னார். மற்றப் பிள்ளைகள் கூடி விளையாடிய பருவத்தை அவள் பனிக்கட்டிக்குக் கொடுத்துவிட்டாள்.

1923-ல், பத்தே வயதில், நார்வே நாட்டின் பெண்கள் போட்டியில் முதல் பரிசு பெற்றாள். அதனால்தான் மறு ஆண்டு ஷாமோனி ஒலிம்பிக்குக்கு அனுப்பப்பட்டாள். அங்கே நடந்தது என்ன என்பதைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

தோல்வி கொடுத்த லாபம்

கடைசி இடம் கிடைத்த குழந்தைகள் பலர், காலணியைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். சில பெற்றோர்களும் போதும் என்று சொல்லிவிடுவார்கள்.

ஹெனி குடும்பம் அப்படிச் செய்யவில்லை. ஷாமோனியில் முதல் பரிசு வாங்கியவர் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ஹெர்மா சாபோ. அவர் எப்படி ஆடினார், மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்று சோன்யா உன்னிப்பாகப் பார்த்து இருந்தாள். தன்னிடம் எது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோல்வியில் கிடைத்த லாபம் அது.

நார்வேயில் பனி உருகிய பிறகு என்ன செய்வது? பனி இருக்கும் இடத்துக்கு மகளை அழைத்துக் கொண்டு பெற்றோர் புறப்பட்டார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து என்று பயணம் நடந்தது. இயற்கைப் பனி இல்லாத இடங்களில் செயற்கைப் பனித் திடல்கள் இருந்தன. தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து, அவற்றில் கடுங்குளிர்ச்சியான நீர்மத்தை ஓட விடுவார்கள். மேலே ஊற்றிய தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும். இத்தகைய திடல் லண்டன் நகரில் 1876-லேயே ஏற்பட்டுவிட்டது.

லண்டனில் சோன்யாவுக்கு இன்னொரு பாக்கியமும் கிடைத்தது. ரஷ்யாவின் புகழ் பெற்ற நாட்டியத் தாரகை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தாள். மெய்மறந்து போனாள். மேடையில் ஆடும் அந்த நடனத்தை ஏன் பனிக்கட்டி மேல் ஆடக் கூடாது என்ற எண்ணம் அவள் மனதில் வேர் விட்டது.

அது வரை சறுக்கு நடனம் என்றால், ஒரு வித்தை முடிந்ததும் அடுத்த வித்தை என்று தனித்தனியாகச் செய்து காட்டுவார்கள். சோன்யா அவற்றை எல்லாம் ஒரே சரமாகத் தொடுத்தாள். இசைக்கு ஏற்ற அசைவு, அசைவுக்கு ஏற்ற முகபாவம் என்று ஆட்டத்தின் போக்கையே மாற்றினாள்.

உடையையும் மாற்றினாள். பெண்கள் நீளமான பாவாடையும் கறுப்புக் காலணியும் அணிந்து ஆடிய காலம் அது. சிறுமியாக இருந்ததால் சோன்யா குட்டைப் பாவாடை அணிந்து வந்தாள். கால் தடுக்காமல் துள்ளவும் சுழலவும் அது வசதியாக இருந்தது. வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. வெள்ளை நிறச் சறுக்குக் காலணியையும் பிரபலப்படுத்தினாள். நாளடைவில் உலகம் முழுவதும் அதுவே வழக்கம் ஆயிற்று.

சர்ச்சைக்கு இடமான வெற்றி

1926-ல் ஸ்டாக்ஹோம் நகரில் உலகப் போட்டி. சோன்யா இரண்டாம் இடத்துக்கு முன்னேறினாள். முதலிடம் சாபோவுக்கு.

1927-ல் உலகப் போட்டி சோன்யாவின் சொந்த ஊரான ஆஸ்லோவிலேயே நடந்தது. இந்த முறை சோன்யா முதலிடம் பெற்றாள். வயது 14.

ஆனால், வெற்றியில் ஒரு சிக்கல். நடுவர்கள் மொத்தம் 5 பேர். அவர்களில் மூன்று பேர் நார்வேக்காரர்கள். மூவரும் சோன்யாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஆஸ்திரியா நடுவரும் ஜெர்மனி நடுவரும் சாபோவுக்குக் கொடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு! பெரிய கூச்சல் எழுந்தது. இதன் விளைவாக, ஒரு போட்டிக்கு ஒரு நாட்டில் இருந்து ஒரே ஒரு நடுவர்தான் வரலாம் என்று சர்வதேசச் சறுக்குச் சங்கம் விதியை மாற்றியது. சாபோ அதன் பிறகு பெண்கள் தனிப் போட்டியில் சோன்யாவுடன் மோதவில்லை.

நடுவர்களின் தயவால் வந்த வெற்றி என்ற பேச்சைத் துடைப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. மறுபடியும் ஜெயிப்பது!

1928-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள செயின்ட் மாரிட்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கடைசியாக வந்த சிறுமி, தங்கப் பதக்கம் பெற்றாள். அப்போது வயது 15. அந்தப் போட்டியில் அவ்வளவு இளம் வயதில் தங்கம் வென்றவர் என்ற சாதனை 70 ஆண்டுகள் நிலைத்து இருந்தது. 1998-ல்தான் அமெரிக்காவின் டாரா லிபின்ஸ்கி அதை முறியடித்தார்.

1932-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் மீண்டும் ஒலிம்பிக். ஏழு நடுவர்கள். ஏழு பேரும் சோன்யாவுக்கே முதலிடம் அளித்தார்கள். ஆஸ்லோவில் எழுந்த கூச்சலுக்கு அதுவே பதில்.

பார்க்க வந்தவள் போட்டிக்கு வந்தாள்

1928-ல் லண்டனில் நடந்த உலகப் போட்டியைப் பார்க்க ஒரு சிறுமி வந்து இருந்தாள். பெயர் சிசிலியா காலெட்ஜ். வயது 7. சோன்யா ஆடியதைக் கண்டதும் தானும் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். விழுந்தாள், எழுந்தாள், வட்டம் போட்டாள்.

நான்கே ஆண்டுகள். லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து சார்பாக அவள் களத்தில் நின்றாள். வயது 11. கிடைத்தது எட்டாவது இடம். சோன்யாவின் கதையேதான்!

1936-ல் ஜெர்மனியில் உள்ள கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் என்ற ஊரில் ஒலிம்பிக் நடந்தது. சோன்யாவுக்கு வயது 23. எதிரே 15 வயது காலெட்ஜ். கோலப் போட்டியில் இருவருக்கும் இருந்த வித்தியாசம் மிகச் சொற்பம். சோன்யாவுக்கு அதுவரை அப்படி ஒரு நெருக்கடி ஏற்பட்டது இல்லை. தன்னைப் பார்த்துக் கற்றவளே தன்னை நெருங்கிவிட்டாள். இருந்தாலும், சோன்யா மனம் தளராமல் ஆடி மூன்றாவது தங்கத்தையும் வென்றார். காலெட்ஜுக்கு வெள்ளி.

அதே ஆண்டு பாரிஸ் நகரில் பத்தாவது உலகப் பட்டம். அத்துடன் போட்டிகளுக்கு முழுக்குப் போட்டார், சோன்யா. மறு ஆண்டு உலகப் பட்டம் யாருக்குக் கிடைத்தது? காலெட்ஜுக்குத்தான்.

நீங்காத கறை

சோன்யாவின் வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு.

1936-ல் ஜெர்மனியை ஆண்டவர் சர்வாதிகாரி ஹிட்லர். ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு பெர்லின் நகரில் சோன்யா ஆடினார். ஹிட்லர் பார்க்க வந்து இருந்தார். அவருக்கு நாஜி முறைப்படி கையை நீட்டி வணக்கம் செய்தார், சோன்யா. ஒலிம்பிக் முடிந்த பிறகு ஹிட்லர் கொடுத்த விருந்துக்கும் போனார். அவர் கையெழுத்துப் போட்ட படத்தையும் வாங்கி வந்தார்.

நார்வே பத்திரிகைகள் கண்டித்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1940-ல், ஜெர்மன் படை நார்வேயைப் பிடித்துக் கொண்டது. அப்போது நார்வே மக்களின் நெஞ்சில் அந்தப் பழைய வணக்கம் முள்ளாகக் குத்தியது. நாடு அடிமைப்பட்டுக் கிடந்தபோது அவர் போதிய உதவி செய்யவில்லை என்ற குறையும் அவர்களுக்கு இருந்தது. காலில் இருந்த நிதானம் அந்த நேரத்தில் அவருடைய மனதுக்கு இல்லாமல் போயிற்று. பனியில் விழுந்தால் உடனே எழுந்துவிடலாம். மக்கள் மனதில் விழுந்தால் எழ வெகுகாலம் ஆகும். அதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது.

சினிமா நட்சத்திரம்

1936-ல் சோன்யா அமெரிக்கா போனார். சினிமாவில் நடிக்க வேண்டும் என்பது ஆசை. நடிப்பு அனுபவம் கிடையாது. ஆங்கிலமும் சரளம் இல்லை. தகப்பனார் ஒரு யோசனை செய்தார். ஹாலிவுட்டில் ஒரு சறுக்கு அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார். மகளின் நடன நிகழ்ச்சியை நடத்தினார். சினிமாப் பிரமுகர்கள் திரண்டு வந்தார்கள். டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் கம்பெனியின் தயாரிப்புத் தலைவர் டாரில் சானுக் ஒப்பந்தம் செய்து கொண்டார்.

முதல் படமே நல்ல வசூல். அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. 1938-ல் அமெரிக்காவில் வசூலைக் குவிக்கும் நட்சத்திரங்களின் வரிசையில் மூன்றாவது இடம் சோன்யாவுக்கு! 1941-ல் வெளிவந்த ‘சன் வேலி செரனேட்’ அவர் படங்களில் மிகவும் பெயர் பெற்றது.

இந்தப் புகழை நீண்ட காலம் பார்க்கத் தகப்பனாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1937-ல் காலமானார்.

படங்களுடன் ஊர் ஊராகப் பனி நடன நிகழ்ச்சிகளும் நடந்தன. அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. பணம் கொட்டியது. அவர் சிக்கனமானவர், கணக்கில் கறாரானவர். உலகின் பணக்கார விளையாட்டு வீராங்கனைகளில் ஒருவர் ஆனார். 1941-ல் அமெரிக்கப் பிரஜை ஆனார்.

அவருடைய படங்களையும் நிகழ்ச்சிகளையும் பார்த்த எத்தனையோ சிறுமிகள் தாய் தகப்பனிடம் சறுக்குக் காலணி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த ஒன்று, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளின் ஆசையாக மாறியது.

மேடும் பள்ளமும்

குடும்ப வாழ்க்கை வழுக்கலாகவே இருந்தது. 1940-ல் டான் டாப்பிங் என்ற அமெரிக்கச் செல்வரை மணந்தார். 1946-ல் விவாகரத்து. 1949-ல் வின்த்ராப் கார்டினர் என்பவரை மணந்தார். அதுவும் 1956-ல் முறிந்தது.

தொழிலிலும் அடி விழுந்தது. 1952-ல் பால்டிமோர் நகரில் அவருடைய நிகழ்ச்சியின்போது பார்வையாளர்கள் அமரும் பலகைப் படிக்கட்டு சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். நஷ்டமும் வழக்கும் சேர்ந்து வந்தன.

ஆனால், 1953-ல் மனதுக்கு ஆறுதல் தரும் சம்பவம் ஒன்று நடந்தது. ஆஸ்லோவில் ஆடுவதற்காகச் சோன்யா தாயகம் திரும்பினார். கோபித்துக் கொண்டு இருந்த மக்கள் பெருங்கூட்டமாக வந்து அவருடைய ஆட்டத்தைப் பார்த்தார்கள். கசப்பு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. என்றாலும், கதவு திறந்தது.

1956-ல் நீல்ஸ் ஒன்ஸ்டாட் என்ற நார்வே நாட்டுக் கப்பல் அதிபரை மணந்து கொண்டார். இந்த மணவாழ்க்கை கடைசி வரை நிலைத்தது. கணவருக்கு ஓவியங்களில் ஆசை அதிகம். இருவரும் சேர்ந்து நவீன ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார்கள். அவற்றைத் தங்களுக்கு என்று வைத்துக் கொள்ளவில்லை. ஆஸ்லோவுக்கு அருகே ஹேவிக்கோடன் என்ற இடத்தில், கடலோரத்தில், ஒரு கலைக் கூடம் கட்டி மக்களுக்குக் கொடுத்தார்கள். அது 1968-ல் திறக்கப்பட்டது. சோன்யா வென்ற கோப்பைகளும் பதக்கங்களும் அங்கே வைக்கப்பட்டன.

ஆகாயத்தில் முடிந்த வாழ்க்கை

அதற்குள் நோய் அவரைப் பற்றிக் கொண்டது. ரத்தப் புற்றுநோய்.

1969-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. பாரிஸ் நகரில் இருந்து ஆஸ்லோவுக்குச் சிகிச்சைக்காக விமானத்தில் கொண்டு செல்லப்பட்டார். தாயகத்தை அடைவதற்குள் வழியிலேயே உயிர் பிரிந்தது. அப்போது வயது 57.

கலைக் கூடத்துக்கு மேலே உள்ள குன்றில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று உலகின் பல நகரங்களில் சறுக்குப் பள்ளிகள் நடக்கின்றன. பனி விழாத ஊர்களிலும் கூரை வேய்ந்த பனித் திடல்கள் உள்ளன. அங்கே ஐந்து வயதுக் குழந்தை தலையில் கவசமும் கையில் உறையும் மாட்டிக் கொண்டு முதல் அடி எடுத்து வைக்கிறது. சுவரைப் பிடித்த கையை விடுகிறது. இரண்டு அடி நடக்கிறது. விழுகிறது. முட்டி போடுகிறது. ஒரு காலை ஊன்றுகிறது. எழுந்துவிடுகிறது.

ஓரத்தில் நிற்கும் தாய்க்கு நெஞ்சு பதறும். பதற வேண்டியது இல்லை. ஷாமோனியில் எட்டாவதாக வந்த சிறுமியின் பயணமும் அதே இடத்தில்தான் தொடங்கியது.